கூட வர ஒரு ஆள்

அமாவாசை அன்று சென்னையின் பெரிய கோயில் வாசல்களில் உட்கார்ந்திருக்கும் ஒரு முதியவருக்கு மதியத்துக்குள் மூன்று நான்கு சாப்பாட்டுப் பொட்டலங்கள் வந்து சேர்ந்துவிடும். சாம்பார் சாதம், தயிர் சாதம், மறுபடியும் சாம்பார் சாதம். அவரால் ஒன்றைத்தான் சாப்பிட முடியும். மற்றவை வெயிலில் இருந்து சாயங்காலத்துக்குள் ஊசிப்போகும். மறுநாள் அந்தப் பக்கம் பொட்டலத்தோடு வருபவர்கள் மிகக் குறைவு. பிறந்தநாள், திதி, தலைவர்களின் விழா என்று கொடுப்பவர்களின் நாட்காட்டிப்படிதான் தெருவில் இருப்பவர்களுக்குச் சோறு கிடைக்கிறது.

அன்னமிடும் கைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சோற்றுக்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால், தெருவில் படுத்திருக்கும் ஒருவருக்கு ஒரு வேளைச் சோறு தர இந்த ஊரில் யாராவது ஒருவர் கிடைத்துவிடுகிறார். அவர் காலில் புண் சீழ் பிடித்திருக்கும்போது ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக யாரும் கிடைப்பதில்லை. முதியோர் ஓய்வூதிய விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து, இ-சேவை மையத்தில் அவரோடு காத்திருக்க யாரும் கிடைப்பதில்லை. கையில் காசு குறைவாக இருப்பவர்கள் ‘நம்மால் என்ன செய்ய முடியும்’ என்று பெருமூச்சோடு கடந்து போகிறோம். நாம் செய்யக்கூடிய பெரிய உதவியே இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அதற்கு ஒரு காலைப் பொழுது வேண்டும். கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் தயங்காமல் பேசத் தெரிந்திருக்க வேண்டும். மாதக் கடைசி வாரத்தைக் கைமாற்று வாங்கி ஓட்டும் குடும்பத்திலும் இந்த மூன்றும் இருக்கின்றன.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிப்ரவரி 28ஆம் தேதி இரவு வீடற்றவர்களை எண்ணினார்கள். நாடு முழுவதும் சுமார் 17.7 லட்சம் பேர். அவர்களில் சுமார் 9.4 லட்சம் பேர் நகரங்களில் இருந்தார்கள். தமிழ்நாட்டின் கணக்கு ஏறத்தாழ 50 ஆயிரம். பாலத்தடியிலும் ரயில் நிலைய வாசலிலும் பூட்டிய கடைகளின் படியிலும் படுத்திருப்பவர்களை ஒரே இரவில் தேடி எண்ணுவது எவ்வளவு சரியாக இருந்திருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பும் தள்ளிப்போய்விட்டதால், குறைபாடுள்ள அந்தப் பழைய எண்ணே நெடுங்காலம் கையிருப்பாக இருந்தது.

இவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஆட்களும் அல்லர். வால்டாக்ஸ் சாலை, பாரிமுனை, யானைகவுனி பக்கம் தலைமுறை தலைமுறையாக நடைபாதையிலேயே குடித்தனம் நடத்தும் குடும்பங்கள் உண்டு. பூக்கட்டுவது, மூட்டை தூக்குவது, மீன்பாடி வண்டி ஓட்டுவது, கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுவது என்று உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். அந்த நடைபாதையின் பெயரிலேயே வாக்காளர் அட்டை வைத்திருப்பவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். 2019இல் லண்டனில் நடந்த தெருவோரக் குழந்தைகளுக்கான உலகக் கோப்பை கிரிக்கெட்டின் இறுதியாட்டத்தில், லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்து அணியைத் தோற்கடித்த தென்னிந்திய அணியில் சென்னைத் தெருக்களில் வளர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். இன்னொரு பக்கம், பிள்ளைகள் கைவிட்ட முதியவர்கள் இருக்கிறார்கள். கணவனின் அடிக்குத் தப்பி வந்த பெண்கள் இருக்கிறார்கள். வேலை தேடி வந்து, நோயில் விழுந்து, வெறுங்கையோடு ஊர் திரும்ப வெட்கப்பட்டு இங்கேயே தங்கிவிட்ட ஆண்கள் இருக்கிறார்கள். மனநோயால் வீட்டுக்குப் போகும் வழியை மறந்தவர்களும், வடக்கே எங்கோ ரயில் ஏறி, மொழி புரியாத ஊரில் இறங்கி நிற்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே எதையும் கொடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும். “பாட்டி, சாப்பிட்டீங்களா? என்ன வேணும்?” என்று முறை வைத்து, பக்கத்தில் குனிந்தோ உட்கார்ந்தோ கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் சோறு கேட்க மாட்டார்கள். வலி மாத்திரை கேட்பார்கள். செருப்பு கேட்பார்கள். ஊரில் இருக்கும் மகளுக்கு ஒரு போன் போட்டுத் தரச் சொல்வார்கள். சிலர் ஒன்றும் வேண்டாம் என்பார்கள். அதையும் மதித்துத் திரும்ப வேண்டும், இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேட்க வேண்டும்.

கையில் இல்லாதவர்கள் எப்படி உதவுவது என்பதை அந்தத் தெருவிலேயே பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். டீக்கடைக்காரர் காலையில் முதல் டீயை எதிரே படுத்திருக்கும் பெரியவருக்குக் காசு வாங்காமல் கொடுக்கிறார். பூக்கார அம்மா, பக்கத்தில் இருக்கும் பெண் குளித்து வரும்வரை அவளுடைய குழந்தையையும் மூட்டையையும் பார்த்துக்கொள்கிறாள். ஆட்டோ ஓட்டுநர் வாடகை வாங்காமல் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடுகிறார். 1867 மே 23 அன்று வடலூரில் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலைக்கு 80 காணி நிலத்தை எழுதிக் கொடுத்தவர்கள் பார்வதிபுரத்துச் சாதாரணக் குடியானவர்கள். அங்கே அணையாத அடுப்புக்கு அரிசியும் காய்கறியும் இன்றும் அப்படிப்பட்டவர்களிடமிருந்துதான் பெரும்பாலும் வருகின்றன. சமைக்கும்போதெல்லாம் உலையில் போடும் அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாக வைக்கும் பிடியரிசி வழக்கம் நம் பாட்டிமார்களிடம் இருந்தது. அதில் அளவு சிறியது. ஆனால் ஒருநாளும் விட்டுப்போகாது. வீடற்றவர்களுக்கு இன்று வேண்டியது அந்த ஒழுங்குதான்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், இரண்டு சப்பாத்தி மூன்று ரூபாய் என்று விலை வைத்தார்கள். காலையில் நாலு இட்லி, மதியம் சாம்பார் சாதம், இரவு இரண்டு சப்பாத்தி என்றால் நாளைக்கு 12 ரூபாய், மாதத்துக்கு 360. ஒரு அடுக்ககத்தில் வீட்டு வேலை செய்பவர், காவலாளி, கடைப் பையன், ஒரு ஆசிரியை என்று ஆறு பேர் சேர்ந்தால் தலைக்கு அறுபது ரூபாயில் ஒரு மனிதர் மாதம் முழுவதும் மூன்று வேளையும் சாப்பிடலாம். வருடத்துக்கு ஒருநாள் நூறு பேருக்குப் பிரியாணி போடுவதைவிட இது ஒருவருடைய உடம்பைத் தேற்றும்.

ஆனால், அம்மா உணவகத்தில் பார்சல் கொடுக்கக் கூடாது என்பது விதி. நடக்க முடிந்தவர் போய்ச் சாப்பிட்டுவிடுவார். முட்டி வீங்கியவர், கண் தெரியாதவர், வரிசையில் நிற்க முடியாதவர் போவதில்லை. அவரைக் கைபிடித்து அங்கே அழைத்துப் போய், தட்டை வாங்கிக் கொடுத்து, சாப்பிட்ட பிறகு திரும்ப அழைத்து வர ஒருவர் வேண்டும். ஐந்து ரூபாய்ச் சோறு நான்கு தெரு தள்ளி இருந்தும் பட்டினி கிடப்பவர்கள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மருத்துவமனைக்கு வருவோம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தெருவில் நேரும் சாவுகளில் பல தடுக்கக்கூடியவை. அரசு மருத்துவமனையில் வைத்தியம் இலவசம்; அதற்கு ரேஷன் கார்டோ ஆதாரோ கட்டாயம் இல்லை. இருந்தும் தெருவில் இருப்பவர்கள் போகத் தயங்குகிறார்கள். குளித்துப் பல நாள் ஆகியிருக்கும்; வாசலில் காவலாளி முகம் சுளிப்பார். போனால் மூட்டையை யார் பார்த்துக்கொள்வது என்ற கவலை இருக்கும். இத்தனையும் தாண்டி உள்ளே போனால், முதலில் கேட்கப்படும் கேள்வி “கூட யார் வந்திருக்காங்க?” என்பது. நம் அரசு மருத்துவமனைகள் நோயாளியோடு ஒரு துணை ஆள் இருப்பார் என்பதை நம்பியே இயங்குகின்றன. ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பது, எக்ஸ்ரே எடுக்கத் தள்ளுவண்டியில் கூடப் போவது, சாப்பாடு வாங்கி வருவது, இரவில் கழிப்பறைக்குத் தாங்கிப் பிடித்து அழைத்துச் செல்வது எல்லாம் அந்தத் துணையின் வேலை. செவிலியர் எண்ணிக்கை அப்படி. துணை இல்லாதவர் வார்டின் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார், அல்லது காயத்துக்குக் கட்டுப் போட்டு அன்றைக்கே அனுப்பப்படுகிறார். மறுநாள் கட்டு மாற்ற வரச் சொல்வார்கள். அவர் வர மாட்டார். நீரிழிவு உள்ளவருக்கு இதன் முடிவு காலை எடுப்பதுதான்.

இங்கே நீங்கள் செய்யக்கூடியது எளிது. முந்தின நாள் மாலை அவரிடம் பேசி, நாளைக் காலை போகலாமா என்று கேட்டு, சம்மதம் வாங்குங்கள். மூட்டையைப் பக்கத்துக் கடையில் வைக்க ஏற்பாடு செய்யுங்கள். ஓ.பி. சீட்டில் அவர் பெயரோடு, அவர் வழக்கமாகத் தங்கும் இடத்தையும் உங்கள் கைப்பேசி எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். மருத்துவர் சொல்வதைக் கேட்டு, எந்த மாத்திரை எப்போது என்பதை அவருக்குப் புரியும்படி சொல்லுங்கள். அவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் காலை மாத்திரையை ஒரு காகிதப் பையிலும் இரவு மாத்திரையை வேறு நிறப் பையிலும் போட்டுக் கொடுங்கள். இன்சுலினைப் பிளாட்பாரத்தில் குளிர்ச்சியாக வைத்திருக்க வழி இல்லை என்பதை மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அவர் வேறு வழி யோசிப்பார். உள்நோயாளியாகச் சேர்த்துவிட்டால், நாலைந்து பேர் முறை வைத்துக்கொண்டு மாலையில் ஒரு மணி நேரம் போய்ப் பார்த்தாலே வார்டில் அவருக்குக் கிடைக்கும் கவனிப்பு மாறுவதைக் காண்பீர்கள்.

அவசரம் என்றால் 108. சாலை விபத்து என்றால் கூடுதலாக ஒன்றைத் தெரிந்து வைத்திருங்கள்: தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவர் யாராக இருந்தாலும், எந்த அட்டையும் இல்லாவிட்டாலும், ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சைச் செலவை, திட்டத்துக்கான உச்சவரம்புக்கு உட்பட்டு, அரசு ஏற்கிறது, அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும். தூக்கிச் செல்பவரைப் போலீஸ் அலைக்கழிக்கும் என்ற பயத்துக்கும் இன்று இடமில்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் உதவியவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. ஓரம் போய்ப் படுத்தவர்மீது இரவில் வண்டி ஏறும் ஊரில் இந்தச் செய்தி எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மனநோயோடு தெருவில் திரிபவர்களைக் கண்டால் பயந்து விலகுகிறோம், அல்லது கல்லெறியும் சிறுவர்களைப் பார்த்தும் பேசாமல் போகிறோம். 1993இல் சென்னையில், தங்கள் கல்லூரிக்கு அருகே நிராதரவாகத் திரிந்த ஒரு பெண்ணைக் கண்டு கடந்துபோக முடியாமல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம் பெண்கள் தொடங்கியதுதான் ‘தி பேன்யன்’ அமைப்பு. அப்போது அவர்களிடம் பெரிய பணம் எதுவும் இல்லை. பின்னர் தமிழக அரசு மாவட்டங்களில் மனநலம் பாதித்த வீடற்றவர்களுக்கான அவசரச் சிகிச்சை, மீட்பு மையங்களைத் தொடங்கியபோது அந்த அனுபவம் அடித்தளமாக உதவியது.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவின்படி, மனநோயால் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாமல் திரிபவரைப் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலையப் பொறுப்பாளரின் கடமை. அவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். காணாமல் போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். காவல் நிலையத்துக்குப் போய் ‘எங்கள் தெருவில் ஒருவர் இப்படி இருக்கிறார், இந்தப் பிரிவின்படி நடவடிக்கை எடுங்கள்’ என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க எந்தச் செலவும் இல்லை. சென்னை மாநகரக் காவல் துறை 2021இல் ‘காவல் கரங்கள்’ என்று இதற்காகவே ஒரு பிரிவைத் தொடங்கியது. அவர்கள் வரும்வரை பக்கத்தில் இருங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள், கூட்டம் சேர விடாதீர்கள். தினமும் அந்த வழியே போகும் ஒருவர், தினமும் ஒரே நேரத்தில் வணக்கம் சொல்லி ஒரு பன்னும் தண்ணீரும் வைத்துவிட்டுப் போனால், சில வாரங்களில் அவர் தன் ஊர்ப் பெயரைச் சொல்லக்கூடும். அந்த ஒரு பெயரை வைத்துக் குடும்பத்தைக் கண்டுபிடித்தது உண்டு.

அடுத்தது காகிதங்கள். முகவரி இல்லாதவருக்கு அட்டை இல்லை, அட்டை இல்லாதவருக்கு எதுவும் இல்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். முழு உண்மை அதுவல்ல. வாக்காளர் பட்டியலில் சேர வீடற்றவர் படிவம் 6 கொடுத்தால், முகவரிச் சான்று கேட்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அந்த இடத்துக்கே வந்து, அவர் அங்கே படுத்துறங்குகிறாரா என்று பார்த்து உறுதிசெய்ய வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தில் தங்கியிருப்பவருக்கு அதன் பொறுப்பாளர் தரும் சான்றை ஆதாருக்கு ஏற்கிறார்கள். ஆதாரைத் தொலைத்தவரின் கைரேகையை வைத்துப் பழைய எண்ணைத் தேடி எடுக்க முடியும். ஆதரவற்ற முதியவருக்கு மாதம் 1,200 ரூபாய் ஓய்வூதியம் இருக்கிறது. இந்தத் தகவல்கள் நடைபாதைக்கு வந்து சேருவதில்லை. சேர்ந்தாலும், மனு எழுதி, வங்கிக் கணக்குத் தொடங்கி, வருவாய் ஆய்வாளரைப் பார்த்து, ‘அடுத்த வாரம் வா’ என்பதைக் கேட்டு, அடுத்த வாரமும் போக அவருக்குத் தெம்பு இல்லை. எட்டாம் வகுப்பு படித்த ஒருவர் கூடப் போனால் போதும். தனியாகப் போகும் கந்தல் உடைக்காரரிடம் ‘வா, போ’ என்று பேசும் அதே கவுண்டர், கூட ஒருவர் நின்றால் ‘உட்காருங்க’ என்கிறது. அது நியாயமில்லை. ஆனால் நடப்பது அதுதான், அந்த உட்காருங்கவை அவருக்கு வாங்கித் தருவது நம் கையில் இருக்கிறது.

காகிதங்கள் கிடைத்தாலும் வைத்துக்கொள்ள இடம் வேண்டும். மழையில் நனைந்தும், மாநகராட்சி வண்டி நடைபாதையைச் சுத்தம் செய்யும்போது மூட்டையோடு போயும், ஒரே அட்டையை மூன்று முறை வாங்கியவர்கள் இருக்கிறார்கள். உங்களிடம் சிறு கடை இருந்தால், ஒரு அட்டைப் பெட்டி வைக்க இடம் இருந்தால், பிளாஸ்டிக் உறையில் போட்டு அவர்களுடைய அசல்களைப் பாதுகாத்துக் கொடுக்கலாம். ஒரு நகலை அவர் கையில் வைத்திருக்கட்டும். கடைக்கு வரும் தபாலை வாங்கி வைத்துக் கொடுக்கலாம். கைப்பேசியைச் சார்ஜ் போட்டுத் தரலாம். வேலைக்குக் கூப்பிடும் மேஸ்திரியின் அழைப்பு அந்தப் போனில்தான் வருகிறது. இரவு கடையைச் சாத்தும்போது யாரும் படுத்துவிடக் கூடாது என்று படியில் வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போகும் பழக்கம் பல கடைவீதிகளில் இருக்கிறது. அதை நிறுத்தினாலே ஒரு குடும்பம் காய்ந்த தரையில் தூங்கும். வழிப்போக்கர் படுக்கத் திண்ணை வைத்து வீடு கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

பொருளாகக் கொடுக்க நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சென்னைக்குக் கம்பளி வேண்டாம். வெயில் காலத்தில் சுமை, மழையில் நனைந்தால் காயாது. பருத்திப் போர்வை, லுங்கி, நைட்டி, ரப்பர் செருப்பு நல்லது. அக்டோபர் பிறந்ததும் கெட்டியான தார்ப்பாய் வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் விடிய விடிய உட்கார்ந்தே கழிக்கும் குடும்பங்களுக்கு அதைவிடப் பெரிய கொடை இல்லை. கொசுவத்தி வேண்டும். பழைய துணி நிறைய வருகிறது, உள்ளாடை யாரும் தருவதில்லை. அது புதிதாகவே இருக்க வேண்டும். பெண்களுக்கு நாப்கின் வேண்டும், அதை மாற்ற ஒரு கதவுள்ள இடமும் வேண்டும். இரவில் கழிப்பறை கிடைக்காது என்பதால் மாலையோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும் பெண்கள் இருக்கிறார்கள்; அதனால் வரும் சிறுநீர்த் தொற்றும் அவர்களை விடுவதில்லை. தேவாலயமோ பள்ளிவாசலோ மண்டபமோ சங்க அலுவலகமோ, நிர்வாகத்தில் உங்களுக்குக் கொஞ்சம் செல்வாக்கு இருந்தால், அதன் கழிப்பறையை விடியற்காலை இரண்டு மணி நேரம் பெண்களுக்குத் திறந்துவிடக் கேளுங்கள். மே மாத வெயிலில், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டிக் கரைத்துக் கொடுத்தால் அது பல உயிர்களைத் தாங்கும்.

குழந்தைகள் இருந்தால் காசு கொடுப்பதோடு நிறுத்தாதீர்கள். பள்ளியில் சேர வயதுச் சான்று இல்லை என்று எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டம். தாயோடு கூடப் போய் தலைமையாசிரியரைப் பாருங்கள். ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு 1098, கைவிடப்பட்ட முதியவருக்கு 14567. இந்த இரண்டு எண்களும் கட்டணமில்லாதவை.

“காசு கொடுத்தால் குடிக்கிறார்கள்” என்பார்கள். சிலர் குடிக்கிறார்கள். லாரிச் சத்தத்துக்கு நடுவே, கொசுக்கடியில், யார் எப்போது எழுப்பி விரட்டுவார்களோ என்ற பயத்தில் வருடக் கணக்காகத் தூங்குபவர் குடிக்கப் பழகியதில் எனக்கு வியப்பு இல்லை. பணமாகக் கொடுக்க விருப்பமில்லையென்றால் கொடுக்க வேண்டாம். குடியை நிறுத்தினால்தான் புண்ணுக்கு மருந்து என்று மட்டும் சொல்லாதீர்கள். அதே போல, உதவும்போது படம் எடுக்காதீர்கள். பொட்டலத்தை வாங்கும் கையையும் கூச்சத்தில் குனிந்த முகத்தையும் கைப்பேசியில் பரப்புவது கொடுத்ததைப் பறிப்பதற்குச் சமம். அவருடைய பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்க்கக்கூடும்.

இவ்வளவும் சொன்னதால், அரசின் பொறுப்பைத் தனிமனிதர்களின் தலையில் ஏற்றுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். 2010 தொடக்கத்தில் டெல்லிக் குளிரில் வீடற்றவர்கள் இறந்ததை அடுத்து உச்ச நீதிமன்றம் தலையிட்டது. நகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், அதுவும் வருடம் முழுவதும் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்றது. 2013இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் தலைக்கு 50 சதுர அடி இடம் என்று அளவும் வைத்தது. விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சியின் மக்கள்தொகை 2011லேயே சுமார் 67 லட்சம். அதன்படி அன்றைக்கே 67 காப்பகங்கள் வேண்டும். மாநகராட்சிக் காப்பகங்களின் எண்ணிக்கை ஐம்பதை ஒட்டியே இருந்துவந்திருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளுடன் வந்தவர்களுக்கென்று சில காப்பகங்கள் அமைத்தது நல்ல காரியம். ஆனால் ஆண், பெண் என்று பிரித்து வைக்கும் இடத்துக்கு ஒரு குடும்பம் எப்படிப் போகும்? நகர மையத்திலிருந்து வெகு தொலைவில் கண்ணகி நகரிலோ பெரும்பாக்கத்திலோ வீடு கொடுத்தால், விடியற்காலை மூன்று மணிக்குப் பாரிமுனையில் மூட்டை இறக்க வேண்டியவர் எப்படி வந்து சேர்வார்? வீடு கிடைத்தும் சிலர் நடைபாதைக்கே திரும்பியதை நன்றிகெட்டதனம் என்று பேசுவது அவர்களுடைய பிழைப்பைப் புரிந்துகொள்ளாத பேச்சு. வேலை இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் குடும்பங்கள் சேர்ந்து தங்கும் காப்பகங்களும் குறைந்த வாடகை வீடுகளும் அரசால் மட்டுமே முடிகிற காரியம்.

அதைக் கேட்பதற்கும் பெரிய பணம் வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவுக்குப் பத்து ரூபாய்தான். உங்கள் மண்டலத்தில் எத்தனை காப்பகங்கள், எத்தனை படுக்கைகள், கடந்த ஆண்டு எத்தனை பேர் தங்கினார்கள், பெண்களுக்கு எத்தனை என்று கேளுங்கள். வார்டு உறுப்பினரிடம் மழைக்காலத்துக்கு முன்பே போய் நில்லுங்கள். சென்னையில் 1913க்கு அழைத்தால் காப்பகத்தின் விவரம் கிடைக்கும். யாரையும் அனுப்புவதற்கு முன் நீங்கள் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்: கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, பூட்டி வைக்கப் பெட்டி இருக்கிறதா, பேசும் முறை எப்படி. பிடித்திருந்தால் அவரையும் ஒரு பகலில் அழைத்துப் போய்க் காட்டுங்கள். வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் எங்கோ விடப்பட்ட பழைய அனுபவம் பலருக்கு உண்டு. பிச்சையெடுப்பதைத் தடுக்க 1945இல் போட்ட சட்டத்தின் பெயரால் நடந்த பிடிப்புகளை வயதானவர்கள் இன்னும் மறக்கவில்லை. காப்பகம் என்றதும் ஓடுபவர், கண்ணால் பார்த்த பிறகு தானாகவே வருவார். வந்தவரை வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எல்லோருக்கும் உதவ முடியாது, முயன்றால் சோர்ந்துவிடுவோம். நீங்கள் தினமும் கடக்கும் வழியில் இருக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். தனியாகச் செய்ய வேண்டாம், நண்பர் இருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயரைக் கேளுங்கள், என்ன வேண்டும் என்று கேளுங்கள். அடுத்த வாரம் ஒரு நாள் அரை நாள் விடுப்புப் போட்டு, மருத்துவமனைக்கோ இ-சேவை மையத்துக்கோ அவரோடு போய்விட்டு வாருங்கள். போகும் வழியில் அவருக்கும் சேர்த்து ஒரு டீ சொல்லுங்கள்.